ஆறாயிரம் லிட்டர்

கட்டபெட்டு சமுதாயக்கூடத்தின் தொட்டி
நிறைய நாற்பது நிமிடம் ஆகும்.
குழாயை மாட்டிவிட்டு
லாரி நிழலில் நான் பீடி தேடும்போதுதான்
சனிக்கிழமை வகுப்பு தொடங்கும்.

வகுப்பு என்றால் கரும்பலகை கிடையாது.
பதினொரு பேர்,
கவிழ்த்த பக்கெட்டுகளில் உட்கார்ந்து
ஓர் ஊசிக்களாப் புதரைப் பார்ப்பார்கள்
கடைசி ஓவர் பார்ப்பதுபோல.
பத்து நிமிடத்தில் எத்தனை தேனீ என்று
நர்ஸ் ஜெசிந்தா கோடு போடுவாள்.
நாடி எண்ணிப் பழகிய கை.
"இது அடுக்குத்தேனீ. அது ஈ. ஈயைச் சேர்க்காதீங்க."
"ஏன், ஈக்கு ஓட்டு இல்லியா?" என்பார்
பேக்டரியில் இலை எடை போடும் ஆல்துரை.
"அதுவும்தான் மகரந்தம் சுமக்குது."
மூன்று வாரம் நடந்தது அந்தச் சண்டை.
கடைசியில் நோட்டில்
ஈக்கும் ஒரு பத்தி ஒதுக்கினார்கள்.

எனக்கு இதில் என்ன?
நான் தண்ணீர் விற்கிறவன்.
மேட்டு ரோடு என்றால் நூறு ரூபாய் கூட.
மார்ச் வந்தால் என் போன் தூங்காது.
ஹைட்ராஞ்சியா தலை தொங்கினால்
வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கும்,
எனக்கு டீசல் காசு வரும்.

ஒருநாள் புஷ்பகாந்தி திரும்பிக் கேட்டாள்,
சிலோன் காலனிக்காரி, மண்வெட்டி இன்னும் கையில்:
"அண்ணே, எந்தத் தோட்டம் எவ்வளவு குடிக்குதுன்னு
ஒங்களுக்குத் தெரியுமே?"

தெரியும்.
சீட்டுக்கு அடியில் எட்டு வருஷத்து பில் புக்.
ஆள் பெயரை விட்டுவிட்டு வாசித்தேன்.
ரோஜாவும் புல்தரையும், வாரம் மூன்று லோடு.
ஹைட்ராஞ்சியா வேலி, இரண்டு.
நீரூற்று வைத்த ஒரு பங்களா, ஐந்து.
"ஊசிக்களாவுக்கு?"
புரட்டினேன். இல்லை.
"தவிட்டுப்பழத்துக்கு?"
அதுவும் இல்லை.
காட்டுப்பூவரசு வாடுகிறது, ஓடி வா என்று
ஒருத்தரும் என்னைக் கூப்பிட்டதில்லை.
ஜெசிந்தா பில் புக்கைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தாள்.
வருமான வரிக்காரர் வந்ததுபோல் எனக்கு வியர்த்தது.

தண்ணீர் எங்கே எடுக்கிறேன் என்று
யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது.
கீழே பள்ளத்தில், சதுப்பு ஓரத்துக் கிணறு.
வண்டி வாங்கிய வருஷம்
இருபது அடிக் குழாய் போதும்.
இப்போது நாற்பத்தைந்தும் எட்டாமல்
பழைய டியூப் வெட்டி ஒட்டுப்போட்டிருக்கிறேன்.

கூடத்துப் புல்தரையைக் கொத்தினார்கள்.
சரிவுக்குக் குறுக்கே வரப்பு வெட்டி
சருகு மூடாக்கு போட்டார்கள்.
குறிஞ்சி வேண்டும் என்றார் ஒருவர்.
"பன்னெண்டு வருஷம் தேனீயைப் பட்டினி போடுவீங்களா?"
வைத்த நாற்றில் பதினாறு
ஜனவரி உறைபனியில் கருகின.
நர்சரிக்காரன் நாட்டுச்செடி என்று தந்த ஒன்று
எங்கேயோ தென் அமெரிக்காவாம்.
மிச்சத்துக்கு முதல் கோடையில்
நான்தான் தண்ணீர் கொண்டுவந்தேன்.
பில் போட்டேன். காசும் வாங்கினேன்.

இந்த மார்ச்சில் தொட்டி
இருபது நிமிடத்தில் நிறைந்துவிட்டது.
பாதி அப்படியே இருந்திருக்கிறது.
லாரி வால்வில் கசியும் சொட்டில்
நாலைந்து தேனீக்கள் தாகம் தீர்த்தன.
"குடிக்க வந்தது கணக்குல வராது" என்றாள் ஜெசிந்தா.
நாற்பது ரூபாய் வாஷர்,
போன வருஷமே மாற்றியிருக்க வேண்டும்.

கிளம்பியிருக்கலாம்.
அரவேணுவில் ஒரு லோடு காத்திருந்தது.
ஆல்துரை ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து
என் பக்கம் தள்ளினார்.

எனக்குக் கொடுத்தது
ஈயின் பத்தி.
இதுவரை ஏழு.